பூட்டிய வீட்டில் யார் பார்க்கிறார்கள்

ஒலுவிலில் இருக்கிற என் மூத்த சகோதரி ராத்தாவின் வீட்டுக்குக் கமரா பொருத்திக் கொடுத்தது நான்தான். கடலரிப்பால் முன்வளவு வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு வந்தது. அது எவ்வளவு போகிறது என்று பார்க்க வேண்டும் என்று அவளுடைய கணவர், என் மச்சான், கேட்டார். நான் சாய்ந்தமருதில் வீட்டில் இருந்தபடியே ஒரு வெளிநாட்டுக் கம்பனிக்குக் கிளவுட் வேலை செய்கிறவள். முன்கதவுக்கு மேலே கமராவை வைத்து, அது பிடிக்கிற படமும் சத்தமும் என் கிளவுட் கணக்கில் போய்ச் சேர்கிற மாதிரிச் செய்தேன்.

அதற்குப் பிறகு மச்சானுக்குப் பாரிசவாதம் வந்து கைகால் விழுந்தது. ஒன்பது மாதம் கட்டிலில் கிடந்துதான் மௌத்தானார். ராத்தா, கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாக் காலத்தை அந்த வீட்டிலேயே முடித்துவிட்டு, கத்தாரில் இருக்கிற மகளிடம் போனாள். வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் தந்தாள். கமரா இருப்பதால் கரண்டும் வைஃபையும் அப்படியே இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். தூரத்திலிருந்து அவளுக்குத் தெளிவாகத் தெரியட்டுமே என்று பழைய கமராவைக் கழற்றிப் புதியது ஒன்றும் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து வந்த கிளவுட் பில்லில் ஒரு வரி என்னை நிறுத்தியது. வெளியே சென்ற டேட்டா.

கிளவுட்டுக்குள் நாங்கள் அனுப்புகிற டேட்டாவுக்குக் கட்டணம் கிடையாது. கமரா இரவு பகலாக அனுப்பினாலும் அது இலவசம். உள்ளே வைத்திருப்பதற்குக் கொஞ்சம் எடுப்பார்கள். அங்கிருந்து ஒருவர் அதை எடுத்துப் பார்க்கும்போதுதான், வெளியே போவதை அளந்து எடுப்பார்கள். அதிலும் மாதம் ஒரு அளவு வரைக்கும் சும்மா விடுவார்கள். அந்த அளவு எப்போதோ தாண்டியிருந்தது. ஒரு ஆள் கண்ணை மூடாமல் மாதம் முழுக்கப் பார்த்தால்தான் அந்தத் தொகை வரும்.

ராத்தாவைக் கேட்டேன். எப்போதாவது அசர் தொழுகைக்குப் பிறகு ஐந்து நிமிடம் பார்ப்பதோடு சரி என்றாள். வேறு யாரிடமும் கடவுச்சொல் இல்லை. களவாக யாரோ பார்க்கிறார்கள் என்று நினைத்து, கடவுச்சொல்லை மாற்றுவதற்கு முன் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். யார் கேட்டார்கள், எந்த நேரம் கேட்டார்கள், எந்த இணைய முகவரியிலிருந்து கேட்டார்கள் என்று அதில் வரிவரியாக இருக்கும்.

ஒரே முகவரிதான். சில செக்கன்களுக்கு ஒரு தடவை, விடாமல் கேட்டிருந்தது. கேட்டவரின் பயனர் பெயர் மச்சானுடையது. முகவரியை வேறொரு பக்கத்தில் பார்த்த ஞாபகம் வரவே, கமரா படம் அனுப்புகிற பட்டியலோடு ஒப்பிட்டேன். இரண்டும் ஒன்று. படம் அந்த வீட்டிலிருந்து போகிறது, திரும்பி அந்த வீட்டுக்கே வருகிறது.

பூட்டிய வீட்டுக்குள் இருந்துகொண்டு வாசலை யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த நாள் அசர் தொழுதுவிட்டு என் கணவரோடு பைக்கில் போனேன். வளவில் ஆள் நடந்த அடையாளம் எதுவும் இல்லை. கடல் முன்னர் பார்த்ததை விடக் கிட்ட இருந்தது. பின்கதவு உடைந்திருக்கிறதா என்று பார்க்க அவர் சுற்றிப் போனார். நான் முன்கதவைத் திறந்தேன். பழக்கத்தில் வாய் சலாம் சொன்னது. உள்ளே போய் ஹாலின் நடுவில் நின்றேன்.

உள்ளறையில் சாவிக்கொத்து ஒன்று குலுங்கியது. பிறகு ஒரு கதவு முனகித் திறந்தது. பிறகு ஒரு பெண் குரல், நிதானமாக, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றது.

என்னையறியாமல் பதில் சலாம் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அது என் குரல் என்று உறைத்தது. அந்த அறைக்குப் போனேன்.

அறைக்கதவு சும்மா சாத்தித்தான் இருந்தது. விரிப்பு எடுத்த கட்டிலின் பக்கத்தில், ஸ்டாண்டில் நிறுத்திய டெப், டேப்லெட் ஒன்று, வெளிச்சமாக இருந்தது. வயர் பிளக்கில் குத்தியபடியே இருந்தது. திரையில் வளவும் கடலும், படியில் நான் கழற்றிவிட்ட செருப்பும் தெரிந்தன.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. மச்சானுக்கு எழும்ப முடியாமல் போனபோது, படுத்தபடி வளவைப் பார்க்க, அவர் பெயரிலேயே நுழைகிற மாதிரி நானே அந்த டெப்பை ஒழுங்கு செய்து கொடுத்திருந்தேன். அவருடைய விரல் திரையைத் தொட ஏலாது. அதனால் அது தூங்காமல், இணைப்பு விட்டுப் போனாலும் தானாகவே திரும்பப் பிடித்துக் காட்டுகிற மாதிரி ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். பழைய கமராவின் மங்கல் படம் சும்மா விடுகிற அளவுக்குள் அடங்கியிருக்கிறது. புதிய கமராவின் தெளிவு அதைத் தாண்டிவிட்டது. படமும் சத்தமும் கடல் கடந்து கிளவுட்டுக்குப் போய்த் திரும்பி வருவதால், இங்கே நடப்பது இருபது செக்கன் பிந்தித்தான் அதில் தெரியும், கேட்கும்.

எல்லாம் விளங்கியது. ஆனாலும் அந்த அறையில் தனியாக நிற்கப் பயமாக இருந்தது. என் கணவரைக் கூப்பிட்டுக்கொண்டே ராத்தாவுக்கு அழைப்பு எடுத்தேன்.

டெப்பைப் பற்றி அவளிடம் சொன்னேன்.

"நான்தான் நிப்பாட்டாம வந்தன் தங்கச்சி," என்றாள். "இத்தால இருக்கக்குள்ள நாலஞ்சு தரம் கிட்டப் போனன். அவரு பாத்துக்கிட்டு இருந்தத எப்பிடி நிப்பாட்டுற?"

பில் வருவதைச் சொன்னேன். பார்க்கிறதுக்கும் காசு எடுப்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"அப்ப நிப்பாட்டு," என்றாள். "பிஸ்மில்லாஹ் சொல்லிட்டு நிப்பாட்டு."

பிளக்கைப் பிடுங்கினேன். பற்றரியில் அது இன்னும் ஓடியது. திரையில் என் கணவர் பின்பக்கத்திலிருந்து வந்து படியேறினார். உண்மையில் அவர் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். பட்டனை அழுத்தி அணைத்தேன்.

மழைக்காலத்தில் கடல் முன்மதிலைச் சாய்த்தது. கமராவையும் கழற்றிவிட்டோம். கிளவுட்டில் இருப்பதை எல்லாம் அழிக்கச் சொன்ன ராத்தா, ஒரு நாளை மட்டும் எடுத்துத் தரச் சொன்னாள். மச்சானுக்குப் பாரிசவாதம் வருவதற்கு முதல்நாள். எடுத்து அனுப்புவதற்கு முன் நானும் பார்த்தேன். வளவில் இறங்கி மதில் வரை நடக்கிறார். கொஞ்சநேரம் கடலைப் பார்க்கிறார். திரும்பி வந்து படியேறுமுன் நின்று, கமராவை நிமிர்ந்து பார்த்து ஏதோ சொல்கிறார். அலைச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

ராத்தாவிடம் கேட்டேன். "ஓம், எனக்குக் கேட்டுது," என்றாள். என்ன என்று அவள் சொல்லவில்லை.