உச்சுக் கொட்டிய குஞ்சு

பறவைக் காப்பகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் ஊமைக்கோட்டான். பேசத் தெரியாதவர் அல்ல, வேலை அப்படி. கூட்டிலிருந்து விழுந்த மைனாக் குஞ்சுகளை வளர்த்துப் பறக்கவிடும் இடம் அது. மனிதச் சத்தத்துக்குப் பழகிய குஞ்சு, வெளியே போனதும் கண்டவன் கையில் போய் உட்காரும் என்பதால் அந்த அறையில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அவர் திரைக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து, இடுக்கியால் இரை நீட்டுவார்; எந்தக் குஞ்சு எப்போது எப்படிக் கத்தியது என்று நோட்டில் எழுதுவார். பசிக் குரல், பயக் குரல், துணையைத் தேடும் குரல். பதினோரு வருடப் பழக்கத்தில் மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்லுவார். வீட்டில் மனைவி மூன்று தரம் கூப்பிட்டால்தான் காதில் விழும் என்பது வேறு கதை.

அந்த முறை வந்த ஆறில் ஒன்று நோஞ்சான். மற்றவை முண்டியடித்துத் தின்னும். இது மூலையில் சுருண்டு கிடக்கும். பிழைக்காது என்றே நினைத்தார். பிழைத்தது. இறகு முளைத்ததும், நோட்டில் இல்லாத ஒரு குரல் கொடுத்தது. "உச், உச்."

காப்பகத்து மருத்துவர் அம்மாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "இப்படி ஒரு குரலை நான் கேட்டதே இல்ல. அடுத்த வாரம் வெளிய விடறதுக்குள்ள ஒண்ணு விடாம குறிச்சு வைங்க."

இரண்டு நாள் குறித்தார். மூன்றாம் நாள், அவர் மறந்துவிட்டு வந்த மூக்குக் கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்த மனைவி, அறைக் கதவருகே காதைத் தீட்டிக்கொண்டாள்.

"நீங்க இங்க நிக்கறீங்க. அப்போ உள்ள உச்சுக் கொட்டறது யாரு?"

அவருக்குச் சுரீரென்றது. நோஞ்சான் தின்னாத ஒவ்வொரு வேளையும் மனசு அடித்துக்கொள்ள, நாக்கு அதுபாட்டுக்குக் கொட்டியிருக்கிறது. வாயைப் பூட்டிய மனிதர் நாக்கைப் பூட்டவில்லை.

சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால், உச்சுக் கொட்டும் எவனோ ஒருவன் தோளில் போய் உட்கார்ந்து குஞ்சு கூண்டுக்குள் போகும். நேரே போய்ச் சொல்லிவிட்டார்.

மருத்துவர் அம்மா நோட்டில் அந்த இரண்டு நாள் குறிப்பையும் அடித்துவிட்டார். வேலை போகவில்லை, அந்த அறை போயிற்று. மற்ற ஐந்தும் பறந்தன. அந்தச் சத்தத்தை மறக்கட்டும் என்று நோஞ்சானைப் பெரிய மைனாக்களின் கூண்டில் விட்டார்கள். இவர் தீவனம் அரைக்கப் போனார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் மருத்துவர் அம்மா கூப்பிட்டார்.

"மறைஞ்சு நின்னு கொட்டுங்க. திரும்பிப் பார்த்துச்சுன்னா விட முடியாது."

திரும்பிவிடாதே என்று வேண்டிக்கொண்டே போனார். இப்போது காலிலிருந்த வளையத்தை வைத்துத்தான் நோஞ்சானை அடையாளம் தெரிந்தது. மூன்று முறை கொட்டினார். அது பாட்டுக்கு இறகைக் கோதிக்கொண்டிருந்தது. அப்போதே கூண்டைத் திறந்தார்கள். மற்றவற்றோடு கத்திக்கொண்டே போய்விட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது.

"என்னாச்சு?" என்றாள் மனைவி, வீட்டுக்குள் நுழைந்ததும்.

"என்னைச் சுத்தமா மறந்துடுச்சு."

"நல்லதுதானே?"

"நல்லதுதான்" என்றவர், ஜன்னலுக்குப் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

பின்னாலிருந்து மனைவி உச்சுக் கொட்டினாள். முதல் தரத்திலேயே திரும்பிவிட்டார்.