பீரங்கிக்குப் பின்னால் நின்ற முதுகு

"...மூஞ்சி தெரியலன்னா இன்னாண்ணா, கட்டிகினவளுக்கு முதுகு தெரியாதா? அவரேதான். பீரங்கிக்குப் பின்னாடி நின்னுகினு குண்டு எடுத்து எடுத்துக் குடுக்கறாரு. நீங்க டிவி ஆபீஸ்லதான இருக்கீங்க, வந்து ஒரு வாட்டி பாத்துச் சொல்லுங்க!"

நான் தாழ்ப்பாளைத் திறப்பதற்குள் டீச்சர் பாதி விஷயத்தைக் கதவிடம் சொல்லி முடித்திருந்தார். எனக்குக் கிடைத்தது மிச்சம்தான். அவர் கையில் தோசைத் திருப்பி. அடுப்பை அணைத்தாரா என்று கேட்கத்தான் முதலில் வாய் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் பேசாமல் பின்னால் படியேறினேன்.

டெல்லி முனிர்காவில் நாங்கள் இருக்கிற சந்தில், எதிர் பால்கனியிலிருந்து கை நீட்டினால் நம் வீட்டு உப்பு டப்பாவை எடுத்துவிடலாம். நான் இரண்டாம் மாடி, டீச்சர் மூன்றாம் மாடி. மந்திர் மார்க்கில் தமிழ்ப் பள்ளியில் சின்ன வகுப்புக்குப் பாடம் எடுப்பவர் என்பதால் கட்டடம் முழுக்க அவருக்கு டீச்சர் என்றுதான் பெயர். ஊர் வேலூர்ப் பக்கம். கணவர் ராணுவத்தில் விமான எதிர்ப்புப் பீரங்கிப் பிரிவு. பிரிவு டெல்லியில் இருந்தபோது குடும்பத்தோடு வந்தார்கள். அது மேற்கே எல்லைப் பக்கம் மாறியதும் வேலையை விட மனமில்லாமல் டீச்சர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டார். மகள் லீவுக்கு ஊரில், மாமியாரிடம்.

அந்த வாரம் எல்லையில் சண்டை மூண்டிருந்தது. ஆளில்லாத ட்ரோன்கள் கூட்டமாக வந்தன. அவற்றைச் சுட்டு வீழ்த்த, லாரிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகிற பழைய பீரங்கிகளை வெளியே கொண்டுவந்திருக்கிறார்கள் என்று எல்லாச் சேனலும் சொல்லிக்கொண்டிருந்தது. டீச்சருக்குப் பல நாட்களாகக் கணவரிடமிருந்து போன் இல்லை. அவர் எண்ணைப் போட்டால் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று இந்தியில் ஒரு பெண் குரல் பதில் சொல்லும். "அந்தப் பொம்பள கொரல கேட்டாலே போனை வெச்சிடறேன்" என்பார் டீச்சர்.

அந்தப் பீரங்கியை நான் நேரில் கண்டதில்லை. என் சிநேகிதம் எல்லாம் திரையில்தான். நாலு சக்கரம், வாய் விரிந்த நீளக் குழாய், இரண்டு பக்கமும் இருக்கை. சினிமாவில் எல்லாரும் செத்துக் கிடக்கும்போது கதாநாயகன் ரத்தம் ஒழுக ஓடிவந்து அதில் ஏறி உட்கார்ந்து தனி ஆளாக விமானங்களை வரிசையாக விழவைப்பான். மொபைல் விளையாட்டில் விரலால் தொட்டாலே சுடும். டீச்சரின் கணவர் விடுமுறையில் வந்திருந்தபோது அப்படி ஒரு படம் ஓடியது. மனிதர் சோற்றுத் தட்டோடு எழுந்து நின்றுவிட்டார். "டேய், குண்டு ஊட்டறவன் எங்கடா? அது இன்னா தண்ணிக் கொழாவா, திருகினா கொட்டறதுக்கு?" அதற்கு ஒரு குழுவே வேண்டும், நாலு நாலாகக் கோத்த குண்டுகளைப் பின்னால் நின்று ஒருவன் ஓயாமல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அந்த ஆள் தாமதித்தால் பீரங்கி வெறும் இரும்பு என்று விளக்கினார். "அந்த ஆள்தான் நானு" என்றார். சொல்லும்போதே குரல் தணிந்தது. "இருந்தேன். இப்ப இல்ல."

பரிசோதனையில் ஒரு காது மந்தம் என்று வந்ததாம். அதனால் பீரங்கியை விட்டு ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்களாம். இனிமேல் மாவு மூட்டையும் பருப்பு மூட்டையும்தான் தன் எதிரி என்று சிரித்தார். டீச்சர் அன்றைக்குப் பாயசம் வைத்தார். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது.

இப்போது மேலே அவர் அறையில் டிவி கத்திக்கொண்டிருந்தது. கூலர் சத்தத்தையும் மீறி ஒருவர் இந்தியில் முழங்கிக்கொண்டிருந்தார். அடுப்பு அணைத்துத்தான் இருந்தது. கல்லில் ஒரு தோசை கறுத்துக் கிடந்தது.

"இருங்க, திரும்ப வரும். வந்துகினே இருக்குது" என்றார் டீச்சர்.

வந்தது. மணல் மேடு. குழாய் முன்னும் பின்னும் குத்திக் குத்தி நெருப்பைத் துப்பியது. பின்னால் ஒருவர் முதுகு. குனிகிறார், நிமிர்கிறார், குண்டுக் கொத்தை மேலிருந்து பீரங்கிக்குள் இறக்குகிறார். கழுத்துக்குக் கீழே வியர்வை ஒரு மாம்பழ வடிவத்தில் சட்டையை நனைத்திருந்தது.

நான் டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

அந்தக் காட்சியை எனக்குத் தெரியும். என் வேலையே அது. பத்தாவதோடு டெல்லிக்கு வந்து, கல்யாண வீடியோ எடுக்கிற கடையில் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டே, பக்கத்தில் நின்று பார்த்துக் கற்ற எடிட்டிங்தான் இன்றைக்கு ஒரு செய்தி அலுவலகத்தில் எனக்குச் சோறு போடுகிறது. எங்கள் ஷிப்ட் பொறுப்பாளர் ஒரு பீகார்க்காரர். "படம் ஓடினால்தான் செய்தி நடக்கும், இல்லையென்றால் பாதியில் உட்கார்ந்துவிடும்" என்பார். புதுப்படம் கிடைக்காத நேரத்தில் பழைய படத்தை எடுத்துப் போடுவோம். திரை மூலையில் கோப்புக் காட்சி என்று சின்னதாக எழுதிவிட வேண்டும், அதுதான் விதி. ஆனால் சண்டை நாட்களில் அந்த மூலைக்குத்தான் கிராக்கி. வரைபடம், சிவப்புப் பெட்டி, சைரன் படம் எல்லாம் வந்து அங்கேயே உட்காரும். கோப்பு என்ற எழுத்து அடியில் போய்விடும். இந்தச் சேனலிலும் போயிருந்தது.

ராணுவம் ஏதோ ஒரு பயிற்சியின்போது எடுத்து எல்லாச் சேனலுக்கும் கொடுத்த படம் அது. பட்ஜெட்டில் பாதுகாப்புத் துறையா, அணிவகுப்பா, ட்ரோனா, எதற்கும் அதைத்தான் வெட்டி ஒட்டியிருக்கிறேன். எத்தனையோ வருஷம். குழாயைப் பார்த்திருக்கிறேன், நெருப்பைப் பார்த்திருக்கிறேன். அந்த முதுகை ஒருநாளும் பார்த்ததில்லை. அதன் சொந்தக்காரர் படியில் என்னை எத்தனை தடவை விசாரித்திருப்பார்!

"பாத்தீங்களா? ஸ்டோராம், மாவு மூட்டையாம்! எங்கிட்டயே அளந்துட்டாரு பாருங்க" என்றார் டீச்சர். கோபம்தான். ஆனால் கண் முழுக்க வேறு ஏதோ பளபளத்தது. "போவட்டும்ணா. புளுகினா புளுகட்டும். ஆள் உசுரோட நிக்கறாரா இல்லியா? இன்னிக்குக் காலையில நிக்கறாரு. அது போதும் எனக்கு. அத்தைக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். பாப்பா தெரு பூரா போய், எங்கப்பா டிவியில வந்துட்டாருன்னு சொல்லிகினு வந்துச்சாம்."

நான் சுவரைப் பார்த்தேன். பழைய படம் என்று சொன்னால் கணவர் பொய் சொல்லவில்லை என்று ஆகும். அதே வாயால், அவர் இன்றைக்கு உயிரோடு இருக்கிறார் என்பதற்கு இந்த அறையில் இருந்த ஒரே சாட்சியையும் நான் பிடுங்கிவிடுவேன். சொல்லாவிட்டால்? இன்றோ நாளையோ போன் வந்துவிடும், எல்லாம் சரியாகிவிடும் என்று மனசு ஒரு பக்கம் சமாதானம் பேசியது. மனசுக்கென்ன, அது எதையும் சொல்லும்.

"இன்னாண்ணா, ஒண்ணும் பேச மாட்டேன்றீங்க? இது எந்த ஊருன்னு உங்க ஆபீஸ்ல கேட்டா தெரியுமா?"

"கேக்கலாம் டீச்சர். மொதல்ல நீங்க உக்காருங்க. தண்ணி குடிங்க."

"அச்சா, அச்சா" என்று உட்கார்ந்தார். தோசைத் திருப்பி இன்னும் கையில்.

அவர் தண்ணீர்க் குவளையை வாயில் வைப்பதற்குள் திரை சிவந்தது. டிவியில் முழங்கிக்கொண்டிருந்தவர் நாற்காலியிலிருந்து ஏறக்குறைய எழுந்துவிட்டார். எல்லையில் நமது பீரங்கி நிலை ஒன்று தாக்கப்பட்டதாகத் தகவல், உறுதி செய்யப்படவில்லை, ஆனால் எங்களிடம்தான் முதலில். கீழே எழுத்து ஓடியது. மேலே, பேச்சுக்குத் துணையாக ஓடிக்கொண்டிருந்தது அதே மணல் மேடு, அதே குழாய், அதே முதுகு. குனிகிறது, நிமிர்கிறது. அதற்கு அடுத்த நொடி ஒரு பெரிய வெடிப்பு. அது ஏதோ விளையாட்டிலிருந்து எடுத்த படம் என்று புகையின் வடிவத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். டீச்சருக்குத் தெரியாது.

அவர் கத்தவில்லை. குவளையை வைக்க இடம் தேடுகிறவர் மாதிரி கை காற்றில் அலைந்தது.

"டீச்சர், அது இன்னிக்குப் படம் இல்ல!" என்றேன். நான்தான் கத்திவிட்டேன். "வெடிக்கிறது பொய்ப் படம். விளையாட்டுல வர்றது. அந்தப் பீரங்கிப் படமும் பழசு. எங்க ஆபீஸ்லயும் இருக்கு, நானே எத்தனையோ தடவை போட்டிருக்கேன்."

"காலையில பாத்தது?"

"அதுவும் அதேதான்."

அவர் என்னையே பார்த்தார்.

"என்னைச் சமாதானப்படுத்தறதுக்காகச் சொல்றீங்க."

"இல்ல டீச்சர்."

"சத்தியமா?"

சத்தியம் செய்வதைவிடக் காட்டுவது மேல் என்று கீழே ஓடி லேப்டாப்பை எடுத்துவந்தேன். வீட்டிலிருந்து வேலை செய்வதற்காக நான் வைத்திருக்கும் மூலப்படத்தில் அந்தக் காட்சி நீளம். ஒளிபரப்பில் சுடுகிற இடத்தை மட்டும் வெட்டிக்கொள்வோம். மற்றதை யாரும் தொடுவதில்லை. டிவியை ஊமையாக்கிவிட்டு ஓடவிட்டேன். சுட்டு முடிகிறது. புகை கலைகிறது. யாரோ இந்தியில் நிறுத்தச் சொல்கிறார்கள். கேமரா மெதுவாக இடப்பக்கம் திரும்புகிறது. மணல் மேட்டுக்குப் பின்னால் நீலமாக, அலையோடு, கடல்.

"கடலு" என்றார் டீச்சர். "இப்ப அவரு இருக்கற பக்கம் ஏதுண்ணா கடலு?"

"அதான்."

கேமரா திரும்பிவந்தது. முதுகு திரும்பியது. இளைய முகம், கன்னம் ஒட்டி, மீசை அடர்ந்து. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்லி வாய்விட்டுச் சிரித்தார். டீச்சர் லேப்டாப் பக்கம் குனிந்தார்.

"அந்த வாட்ச் எங்கப்பா கல்யாணத்துக்குப் போட்டது. பாப்பா பொறந்த வருஷமே தொலைச்சிட்டாரு." நிமிர்ந்து, "அப்ப அவரு சொன்னது நெசம். ஸ்டோர்லதான் இருக்காரு" என்றார். அப்புறம், தனக்குத்தானே சொல்கிறவர் போல, "இருக்காரா?" என்றார்.

ஊமை டிவியில் தாக்கப்பட்ட பீரங்கி நிலை என்ற எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது. ஊரிலிருந்து மாமியார் எண் இரண்டு முறை அடித்தது. அவர்களும் பார்த்திருப்பார்கள். டீச்சர் எடுக்கவில்லை. "இன்னான்னு சொல்றதுண்ணா? காலையில நல்லாருக்காருன்னு சொன்னவ நான்தான." போனைக் கவிழ்த்து வைத்தார். அது மேசையில் நடுங்கி நடுங்கி நகர்ந்தது. நான் கறுத்த தோசையைச் சுரண்டி எடுத்தேன். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. போய்விடலாமா என்று எழுந்தால் "உக்காருங்கண்ணா" என்பார்.

வெயில் எதிர்ச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தபோது மறுபடி அடித்தது. தெரியாத எண். டீச்சர் எடுத்து, காதில் வைப்பதற்கு முன்பே உள்ளேயிருந்து குரல் வெடித்தது. வாசற்படியருகே நின்ற எனக்கே தெளிவாகக் கேட்டது.

"நான்தான்! நல்லாருக்கேன்! ஸ்டோர்லதான் இருக்கேன்! மாவு மூட்டை எண்ணிகினு இருக்கேன்!"

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுத்து, "சாப்டீங்களா?" என்றார்.

"ஆங்?"

"சாப்டீங்களான்னேன்."

"ஆங்? கேக்கல! இது வேற ஆள் போனு, வெக்கிறேன்! பாப்பாகிட்ட சொல்லு!"

அறுந்துவிட்டது. டீச்சர் போனை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். பிறகு புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரிக்கவும் செய்தார்.

"சிக்னல் சரியில்லபோல, இவ்ளோ கத்தறாரு" என்றேன்.

"சிக்னல் இல்லண்ணா. காது அடைச்சிப் போயிருக்கு. பீரங்கி சுட்ட நாள்ல எல்லாம் இப்படித்தான் கத்துவாரு, நான் ஊருக்கே கேக்கற மாதிரி போனைத் தள்ளிப் புடிச்சுப்பேன்." போனை மேசையில் வைத்தார். "மாவு மூட்டை எண்றவருக்குக் காது அடைக்குமா?"

நான் லேப்டாப்பை மூடினேன்.

டீச்சர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். மாமியார் எண்ணைப் போட்டார். முதல் மணியிலேயே அங்கே எடுத்துவிட்டார்கள். அழுகைச் சத்தம் கேட்டது. "அத்தை, அழாதீங்க. டிவியில வர்றது எல்லாமே பழைய படமாம். பாப்பா பொறக்கறதுக்கும் முன்னாடி எடுத்தது. அவரு பீரங்கிப் பக்கமே போவல, ஸ்டோர்ல மூட்டை எண்ணிகினு இருக்காரு. இப்பதான் பேசினாரு, சாப்டேன்னு சொன்னாரு. ஆமாம் அத்தை, நெசமாத்தான். கீழ்வூட்டு அண்ணன் டிவி ஆபீஸ்லதான இருக்காரு, அவரையே கேளுங்க" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனை என்னிடம் நீட்டினார்.