அல்போன்சா டீச்சர் பாடாத பாட்டு வகுப்பு

சாந்தோமில் ஒரு சிறு மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த சந்தில், அந்தக் கோயில் பங்குக்குச் சொந்தமான வீட்டில் அல்போன்சாவின் குடும்பம் குடியிருந்தது. அப்பா லியோனார்ட் அங்கே வேதபாடம் சொல்லித்தரும் உபதேசியாராக இருந்ததால் கிடைத்த வீடு அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்றில் அவர் பாரிசவாயு வந்து படுத்துவிட்டார். அல்போன்சா பங்குப் பள்ளியில் பாட்டு டீச்சராக இருக்கும்வரை வீட்டிலேயே இருக்கலாம் என்று கோயிலின் பங்குச்சாமியார் சொல்லிவிட்டார். அவளுக்கு அப்போது இருபத்துநாலு வயது. பெங்களூரில் ஒரு கன்னியர் மடத்தில் இசை ஆசிரியைப் பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. வர முடியாது என்று கடிதம் எழுதிப் போட்டாள்.

மறு வருஷம் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே காலியானது. பயம் தணிந்து பிள்ளைகள் திரும்பியபோது, பள்ளியில் பாதியை விமானத் தாக்குதல் எச்சரிக்கைக்கான ஏ.ஆர்.பி. காவலர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வகுப்புகளைச் சேர்த்து, அறுபத்தெட்டுப் பிள்ளைகளைப் பாட்டு அறையில் அடைத்தார்கள். வெளிச்சம் வெளியே தெரியாதபடி ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்ததால் காற்றே வராது. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஹெட்மாஸ்டர் ராஜநாயகம் கணக்கு நடத்துவார். கொஞ்சம் இரைச்சல் எழுந்தாலும் பிரம்போடு வந்து நிற்பார்.

"பாட்டு கிளாஸ்ல பாட்டு கேக்கணும் டீச்சர், சத்தம் கேக்கக் கூடாது" என்பார்.

அவர் வருவதற்குள் அடக்கிவிட வேண்டும் என்று அல்போன்சா கத்தினாள். அவள் கத்தக் கத்தப் பிள்ளைகளும் கத்தினார்கள். நாற்பத்துமூன்று ஐப்பசியில், மழை வெள்ளம் வடிந்த வாரத்தில், அவள் தொண்டை கட்டியது. மாதம் ஒன்றாகியும் திறக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு, குரல் நாணில் காய்ப்பு விழுந்திருக்கிறது, ஆறு மாதம் வாயைத் திறக்கக் கூடாது, பாட்டை மறந்துவிடுவது நல்லது என்றார்.

தங்கை ஆலிஸைத் தவிர யாரிடமும் அவள் சொல்லவில்லை. குரல் இல்லாத பாட்டு டீச்சரை யார் வைத்துக்கொள்வார்கள்? வேலை போனால் வீடு போகும். நடக்க முடியாத அப்பாவைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

திங்கட்கிழமை வழக்கம்போலப் பள்ளிக்குப் போனாள். கத்த முடியாததால் ஆர்மோனியத்தில் ஒரே சுரத்தை அழுத்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அன்று முழுவதும் சந்தைக் கூச்சல்தான். ஹெட்மாஸ்டர் இரண்டு முறை வந்து நாலு பேரை அடித்துவிட்டுப் போனார். மறுநாள் சுண்ணாம்புக்கட்டியால் தரையில் வரிசைக்கோடு போட்டு, ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். கை மார்பில் இருந்தால் கேட்க வேண்டும், உள்ளங்கை விரிந்தால் பாட வேண்டும் என்று செய்து காட்டினாள். தப்பாகப் பாடியவளை அவள் முறைக்கவில்லை. மறுபடி அதே சுரத்தை மெல்ல வாசித்தாள். பிந்தி வருகிறவர்கள் வாசலோரம் உட்கார்ந்து அடுத்த அடியில் சேர்ந்துகொள்ளலாம்.

தேவானைதான் கடைசிவரை அடங்கவில்லை. அடையாற்று முகத்துவாரக் குடிசையிலிருந்து வரும் ஒன்பது வயதுக்காரி அவள். பலகையைத் தட்டி எல்லோரையும் கிளப்பிவிடுவாள். அல்போன்சா அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, தட்டும் வேலையையே கொடுத்தாள். தேவானை தன் தொடையில் தாளம் போட்டால்தான் பாட்டு ஆரம்பிக்கும் என்று ஆனது. தை மாதத்துக்குள் அந்த அறையிலிருந்து பாட்டு மட்டுமே கேட்டது.

ஆனால் குரல் போனது தெரிந்துவிடுமோ என்று ஒவ்வொரு நாளும் அல்போன்சாவுக்குப் பயமாக இருந்தது. ஞாயிறு பூசையில் பாடகர்களோடு நின்று வெறுமனே உதட்டை அசைத்தாள். சளி, இருமல், மௌன விரதம் என்று தினம் ஒரு பொய்யைச் சிலேட்டில் எழுதிக் காட்டினாள்.

பங்குனியில் இன்ஸ்பெக்டர் வந்தார். பாட்டைக் கேட்டுத் தலையசைத்தவர், டீச்சர் ஒரு அடி பாட, பிள்ளைகள் பின்னால் பாடட்டும் என்றார். பக்கத்தில் ஹெட்மாஸ்டர் நின்றிருந்தார். அல்போன்சா எழுந்தாள். வாய் திறந்தது, காற்றுதான் வந்தது.

தேவானை எழுந்து நின்றாள்.

"டீச்சருக்கு தொண்ட போய்டுச்சி சார். நாங்கோதான் பாடிக்கினு கீறோம். யாராண்டயும் சொல்லக் கூடாதுன்னு எங்களுக்குள்ள பேசி வச்சிக்கினோம்."

இத்தனை நாளும் பிள்ளைகள்தான் தன்னைக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள் என்பது அல்போன்சாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

இவ்வளவு ஒழுங்கான வகுப்பை இந்த வட்டாரத்தில் பார்த்ததில்லை என்று இன்ஸ்பெக்டர் எழுதிவிட்டுப் போனார். சாயந்திரம் ஹெட்மாஸ்டர் அவளைக் கூப்பிட்டார்.

"வேற எந்த ஸ்கூலும் உங்கள எடுக்காது டீச்சர். பங்குச்சாமிகிட்ட நான் சொல்லல. ஜூன்லேருந்து நாலாம் கிளாஸையும் நீங்களே சேத்துப் பாத்துக்குங்க. உங்களுக்குத்தான் அடக்கத் தெரியுதே."

எல்லாம் சேர்த்துத் தொண்ணூற்றைந்து பிள்ளைகள். மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வழி இல்லை. சிலேட்டை எடுத்து எழுதி நீட்டினாள்: 'பிரம்பு என் அறைக்குள் வரக்கூடாது.' அவர் அதைப் படித்துவிட்டு, சரி என்றார். சொன்ன சொல்லை அவர் மீறவில்லை. அதற்காக அவரை அவளால் முழுக்க வெறுக்கவும் முடியவில்லை.

பேச்சுக் குரல் கரகரப்பாகத் திரும்பியது, பாட்டுக் குரல் வரவில்லை. போர் முடிந்தது, கறுப்புக் காகிதத்தைக் கிழித்தார்கள், சுதந்திரமும் வந்தது. அப்போதும் நாலாம் வகுப்பை அவளிடமிருந்து யாரும் எடுக்கவில்லை. ஆலிஸுக்குக் கல்யாணமாகி அவள் பெரம்பூர் போனாள். நாற்பத்தொன்பது சித்திரையில் லியோனார்ட் இறந்தார்.

இனி அப்பாவுக்காக அந்த வீட்டைக் காக்க வேண்டியதில்லை. நாற்பதாம் நாள் பூசை முடிந்ததும் அல்போன்சா ராஜினாமாக் கடிதத்தைப் பங்குச்சாமியாரிடம் கொடுத்தாள். அவர் வாங்கி மேஜைக்குள் வைத்து, இன்னொரு ஆள் கிடைக்கும்வரை பொறுத்துக்கொள்ளம்மா என்றார். ஜூனில் பள்ளி திறந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மூடியது. இரண்டு முறை போய் விசாரித்துப் பார்த்தாள். ஆள் கிடைக்கவில்லை என்றார்கள். கடிதம் மேஜைக்குள்ளேயே இருந்தது, அவள் பாட்டு அறையிலேயே இருந்தாள்.