அப்பா போட்ட ஓட்டு

எங்கள் காலனி தேர்தலைப் புறக்கணித்த வருடம் எங்கள் பூத்தில் ஒரே ஒரு ஓட்டுதான் விழுந்தது. அதைப் போட்டவர் என் அப்பா. அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனவள் நான். எனக்கு அப்போது பத்து வயது. ஓட்டுப் போடப் போவதும் கடைக்குப் போவது மாதிரிதான், கூடப் போனால் எனக்கும் ஏதாவது கிடைக்கும் என்ற நினைப்பில்தான் கிளம்பினேன்.

திருப்போரூரிலிருந்து கடற்கரைப் பக்கம் போகும் சாலையில், கால்வாய்க்கு இந்தப் புறம் எங்கள் காலனி. சுடுகாடு கால்வாய்க் கரையோரம் இருந்தது. நடுவில் கிடந்த புஞ்சை நிலத்தின் வழியாகத்தான் எங்கள் சனங்கள் பிணத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அந்த நிலம் யார் யார் கைக்கோ மாறி, கடைசியில் மனையாகிவிட்டது. வெள்ளையடித்த கற்களை நட்டார்கள், வண்ணக் கொடிகளைக் கட்டினார்கள், சுற்றிலும் வேலி போட்டார்கள். பாதை வேலிக்கு உள்ளே போய்விட்டது.

அந்த வருடம் மழைக்காலத்தில் எதிர்வீட்டுப் பெரியம்மா இறந்துபோனார். காவலாளி வேலியைத் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். வேறு வழியில்லாமல் ஆண்கள் கால்வாய்க்குள் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில், பாடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். நடுவில் ஒருவருக்குக் கால் வழுக்கியது. பாடை ஒரு பக்கம் சாய்ந்து, பெரியம்மாவின் கை வெளியே சரிந்து தண்ணீரைத் தொட்டுவிட்டதாம். முன்பக்கம் பிடித்திருந்த சித்தப்பா, வீட்டுக்கு வந்து ஈரத் துணியோடு உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மனு கொடுத்தார்கள். தாலுகா ஆபீசுக்குப் போனார்கள். ஒரு நாள் சாலையில் உட்கார்ந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. வெயில் காலத்தில் தேர்தல் வந்தது. 'பாதை கொடு, பிறகு ஓட்டுக் கேள்' என்று தட்டியில் எழுதிக் காலனி முனையில் கட்டினார் சித்தப்பா. வீட்டுக்கு வீடு கறுப்புக் கொடி ஏறியது.

சித்தப்பாவுக்கு அந்த யோசனை யாரிடமிருந்து வந்தது என்பது காலனியில் எல்லோருக்கும் தெரியும். அப்பா கல்யாணத்துக்கு முன்பு, தேர்தலே ஏமாற்று வேலை என்று சொல்லும் ஒரு கூட்டத்தோடு சுற்றியவர். படாளம் வரைக்கும் சைக்கிளில் போய்ச் சுவரெழுத்து எழுதியிருக்கிறார். 'ஓட்டுப்பெட்டி நமக்குச் சவப்பெட்டி' என்பது அவர் எழுதியதுதான். அதற்காகப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய் அடித்த அடியில் அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காமல் போய்விட்டன. அப்போது சித்தப்பா பள்ளிக்கூடம் போகிற பையன். பெற்றவர்கள் இருவரும் அடுத்தடுத்துப் போய்விட்டதால் அப்பாதான் அவரை வளர்த்தார். அண்ணன் எழுத, தம்பி காவி கரைத்த டின்னைப் பிடித்துக்கொண்டு நிற்பாராம். பாடப் புத்தகத்தைவிட அந்தச் சுவர்களில்தான் தான் அதிகம் எழுத்துக் கூட்டிப் படித்ததாகச் சித்தப்பா பெருமையாகச் சொல்வார்.

எனக்குத் தெரிந்த அப்பா வேறு ஆள். மாமல்லபுரம் பக்கம் கடற்கரை விடுதி ஒன்றில் எலக்ட்ரீஷியனாக இருந்தார். நீலச் சட்டை போட்டுக்கொண்டு காலையில் போய்ச் சாயங்காலம் வருவார். சித்தப்பா ஷேர் ஆட்டோ ஓட்டினார். எங்கள் வீட்டிலேயேதான் இருந்தார். சாயங்காலமானால் இருவரும் எதிரெதிராக உட்கார்வார்கள். சித்தப்பா கையை ஆட்டி ஆட்டிப் பேசுவார். எல்லாக் கட்சியையும் திட்டுவார். "நீ அப்பவே சொன்ன இல்லண்ணா" என்பார். அப்பாவின் மடியில் எப்போதும் யார் வீட்டு மிக்சியாவது பிரிந்து கிடக்கும். அதைப் பார்த்துக்கொண்டே "உம்" என்பார். அப்பா ஒத்துக்கொள்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். சித்தப்பாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.

தேர்தலன்று அப்பாவுக்கு விடுமுறை. மத்தியானம் மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு, எழுந்து நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டார்.

"எங்க கெளம்பிட்ட?" என்றாள் அம்மா.

"ஸ்கூல் வரைக்கும்."

அம்மா கையிலிருந்த பாத்திரத்தை அப்படியே கீழே வைத்தாள். "இன்னா வெளையாடறியா? தம்பி அங்க கொடி கட்டிகினு ஒக்காந்துகினு கீறான். நீ உள்ள பூந்து ஓட்டு போட்டுட்டு வருவியா?"

"பாதைய நானுந்தான் கேட்டேன். கேக்க வேணாம்னா சொல்றேன்? அதுக்காவ ஓட்ட ஏன் வுடணும்?"

"அத அவங்கிட்ட சொல்லு. எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது?"

அப்பா செருப்பை மாட்டினார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா என்னைக் கூப்பிடவில்லை. நான் கூட இருந்தால் யாரும் அவர்மேல் கை வைக்க மாட்டார்கள் என்று அவள் நினைத்திருக்கலாம்.

பூத் நான் படித்த பள்ளிக்கூடத்தில்தான். காலனிக்கென்றே தனி பூத். பள்ளிக்கூட கேட்டுக்கு எதிரே சாமியானா போட்டு, காலனி சனம் முழுக்க உட்கார்ந்திருந்தது. கூட்டத்துக்கு நடுவில் சித்தப்பா. அப்பா வருவதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவரைத் தள்ளி உட்காரச் சொல்லி, தரையைத் துண்டால் தட்டிவிட்டார்.

"வாண்ணா, வா. இங்க வந்து ஒக்காரு."

அப்பா நின்றார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பாமல், சாலையைக் கடந்து கேட்டுக்குள் நுழைந்தார். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அத்தனை பேர் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் இடத்தில் அப்படி ஒரு அமைதியை நான் அதுவரை கேட்டதில்லை.

எங்கள் வகுப்பறையில் மேசை போட்டு நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். காலையிலிருந்து ஒரு ஆள்கூட வராமல் ஒருவர் தூங்கிப் போயிருந்தார். எங்களைப் பார்த்ததும் எல்லோரும் சட்டையைச் சரிசெய்துகொண்டார்கள். பெரிய அதிகாரியாக இருந்தவர் எழுந்தே நின்றுவிட்டார். "வாங்க சார், வாங்க" என்றார். அப்பாவை யாரும் சார் என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. என்னை என் பெஞ்சிலேயே உட்கார வைத்து ஒரு பிஸ்கட் கொடுத்தார்கள். அப்பா கையெழுத்துப் போட்டார், விரலை நீட்டினார், அட்டை மறைப்புக்குப் பின்னால் போனார். வெகுநேரம் நின்றார். இயந்திரம் நீளமாகக் கத்தியது. எனக்குச் சிரிப்பு வந்தது.

வந்த வழியாகவே திரும்பினோம். சாமியானாவில் ஒரு பாட்டி எங்கள் பக்கமாகக் காறித் துப்பினாள். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். துண்டால் தட்டிய இடத்தில் அப்போதும் யாரும் உட்காரவில்லை.

"எல்லாரும் ஏம்பா நம்மளயே பாக்கறாங்கோ?" என்று கேட்டேன்.

அப்பா நடந்துகொண்டே சொன்னார். "எங்க நைனா, உன் தாத்தா, ரெண்டு வாட்டி ஓட்டு போட போச்சு. அப்பல்லாம் பூத்து ஊருக்குள்ள. ரெண்டு வாட்டியும் வாசல்லயே நிக்க வெச்சி, உன் ஓட்டு ஆயிப்போச்சி, போடான்னு அனுப்பிட்டானுங்க. வேற எவனோ போட்டுட்டான். நைனா சிரிச்சிகினே வந்து சொல்லிச்சி. எனக்குத்தான் ஆத்திரம் தாங்கல. இதெல்லாம் ஒரு ஓட்டான்னு செவுரு செவுரா எழுதனேன்."

"அப்பறம்?"

"அப்பறம் ரொம்ப நாள் கழிச்சி தோணிச்சி. ஒண்ணுத்துக்கும் ஒதவாதத எவன் திருடிகினு போவான்?"

என்னிடம் சொல்வது மாதிரி இல்லை, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது மாதிரி இருந்தது. எனக்கு அது ஏதோ திருட்டுக் கதை என்று மட்டும் புரிந்தது. திருடனைப் பிடித்தார்களா என்று கேட்டேன்.

சித்தப்பா அன்று வீட்டுக்கு வரவில்லை. மறுநாள் நாங்கள் இல்லாத நேரத்தில் வந்து தன் துணிகளை எடுத்துக்கொண்டு போனார். ஆட்டோ ஸ்டாண்டுப் பக்கம் ஒரு அறையில் தங்கிவிட்டார். குழாயடியில் அம்மா போனால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். பள்ளிக்கூடம் திறந்தபோது என் பெஞ்சில் நான் மட்டும் உட்கார்ந்தேன். அப்பா துட்டு வாங்கிவிட்டார் என்று பேச்சு. எந்தக் கட்சி, எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறியது. எங்கள் வீட்டுக்குப் புதிதாக ஃப்ரிட்ஜ் வரப்போவதாகவும் ஒரு பேச்சு இருந்தது. நான் அதை நம்பிக் காத்திருந்தேன்.

"அவனுக்கு முன்னாடியே ஒரு வார்த்த சொல்லி இருக்கலாம் நீ" என்று அம்மா ஒருநாள் அப்பாவிடம் சொன்னாள். "தெனம் எதிர்லயேதான ஒக்காந்துகினு இருந்தான்?"

"எப்பிடி சொல்றதுன்னு தெர்ல" என்றார் அப்பா. "நாந்தான சொல்லிக் குடுத்தேன்."

ஓட்டு எண்ணியபோது, எங்கள் பூத்தின் அந்த ஒரு ஓட்டு யாருக்கு விழுந்தது என்பதும் வெளியே வந்துவிட்டது. ஒரே ஓட்டு இருக்கிற இயந்திரத்தில் ரகசியம் ஏது? இரண்டு பெரிய கட்சிக்கும் அது விழவில்லை. யாரோ ஒரு சுயேச்சை, கத்தரிக்கோல் சின்னம். அவர் எங்கள் காலனிக்கு வந்ததே இல்லை. அவருக்குத் துட்டுக் கொடுக்கும் வசதியும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அதோடு துட்டுப் பேச்சு அடங்கிவிட்டது. ஆனால் கோபம் குறையவில்லை. துட்டுக்காகச் செய்திருந்தால் இல்லாத கொடுமை என்று மன்னித்திருப்பார்கள்.

பாதை பிறகு வந்தது. சில வருடம் கழித்து, ஒரு பாடையும் இரண்டு பக்கம் ஆளும் போகிற அகலத்தில் சிமெண்டு போட்டுக் கொடுத்தார்கள். புறக்கணித்ததால்தான் வந்தது என்று பாதிப் பேர், அடுத்த தேர்தலில் ஒட்டுமொத்தமாகப் போய் ஓட்டுப் போட்டதால்தான் வந்தது என்று பாதிப் பேர். அப்பா இறந்தபோது சித்தப்பா வந்து அதே பாதையில் அவரைத் தூக்கிக்கொண்டு போனார். இடைப்பட்ட வருடங்களில் கல்யாணம், காதுகுத்து என்று எங்காவது பார்த்தால் "சாப்ட்டியா?" என்று கேட்டுக்கொள்வார்கள். அதற்கு மேல் பேச்சு வளராது.

கல்லூரியில் படிக்கும்போது நானும் அப்பாவோடு சண்டை போட்டேன். ஊரே ஒன்றாக நின்றபோது தனியாகப் போனது துரோகம் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அதற்கும் "உம்" என்றுதான் சொன்னார். இப்போது ஊரப்பாக்கத்தில் வீடு, வங்கியில் வேலை, இரண்டு பிள்ளைகள். அந்தக் கோபம் என்னை விட்டு எப்போது போனது என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சித்தப்பா ஒரு கட்சியில் பொறுப்பில் இருக்கிறார். கரை வேட்டி கட்டுகிறார். போன தேர்தலுக்கு முன்னால் என் வீட்டுக்கே வந்து, "ஓட்டு ஊர்லதானமா கீது? வேன் அனுப்பறேன், வந்துடு. ஒரு ஓட்டுகூட வீணாவக் கூடாது" என்றார். சொல்லிவிட்டு, சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் படத்தைப் பார்க்காமல் காபியைக் குடித்தார்.

புறக்கணித்த அந்த வருடம், ஓட்டு எண்ணிக்கை முடிந்த மறுநாள் சாயங்காலம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததைப் பற்றித்தான் அன்று அவரிடம் பேச நினைத்தேன். வாய் வரவில்லை.

அப்போது நன்றாக வெளிச்சம் இருந்தது. வாசலில் ஆட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டு நான்தான் முதலில் ஓடினேன். சித்தப்பா என்னைத் தூக்கவில்லை. வாசற்படியில் நின்றார்.

"உள்ள வாடா" என்றாள் அம்மா. "இன்னா, யார் வூட்டுக்கோ வந்தா மாரி வெளியவே நின்னுகினு கீற?"

உள்ளே வந்தார். உட்காரவில்லை. அப்பா ஒரு டேபிள் ஃபேனைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார்.

"கத்திரிக்கோலாமே" என்றார் சித்தப்பா.

அப்பா தலையை ஆட்டினார்.

"துட்டு வாங்கிட்டன்னுதான் இத்தினி நாளு நெனச்சிகினு இருந்தேன். அதுகூட பரவால்லண்ணா. வூட்ல இன்னா கஷ்டமோன்னு வுட்டுருப்பேன். நீ ஓட்ட நம்பிதான போட்டுகீற. எப்போண்ணா?"

அப்பாவின் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் நின்றுவிட்டது. தம்பியின் முகத்தைப் பார்த்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

எனக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இவ்வளவு சுலபமான கேள்விக்குப் பதில் தெரியாமல் விழிக்கிறாரே என்று தோன்றியது.

"மூணு மணிக்கு சித்தப்பா" என்றேன். "சாப்ட்டுட்டு போனோம்."

சித்தப்பா என்னையே பார்த்தார். சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். என் தலைமேல் கையை வைத்தார், கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

"சர்தாம்மா" என்றார்.

ஆட்டோ கிளம்பி, முனை திரும்பி, சத்தம் தேய்ந்து போயிற்று. அப்பா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னதற்காக அவர் என்னைக் கெட்டிக்காரி என்று சொல்வார் என்று நான் அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.