அடுத்த வருடத்துக்கு முட்டி கிடையாது

கோழிச் சிறகுத் தட்டு வந்ததும் எர்வின் பிலார்ஸ்கி முதலில் செலரித் தண்டைக் கடிப்பார். பிறகு சின்னச் சிறகுகள். இருப்பதிலேயே பெரிய துண்டை ஓரமாக ஒதுக்கி, அதைப் பார்த்துக்கொண்டே மற்றதைத் தின்பார். அது ஆறிப்போகும். பாதி நாள் நான் எடுத்துத் தின்றுவிடுவேன். "பரவாயில்லடா கஸ். அடுத்த வாட்டி இன்னும் பெருசா வரும்."

அமெரிக்காவின் பஃபலோ நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். பனி தள்ளும் இயந்திரம் வாங்கிப் பெட்டி பிரிக்காமல் கராஜில் வைத்துவிட்டு, கையால் பனி அள்ளுகிறவர். எங்கள் ஊர் அமெரிக்கக் கால்பந்து அணியின் சின்னம் போட்ட நாற்காலி மெத்தை ஒன்று, கடைச்சீட்டு தொங்க, அவர் வேனிலேயே கிடக்கிறது. "நாம கோப்பை ஜெயிக்கிற வருஷம் போட்டு உக்காரணும்." அதுவரை குளிர்ந்த இரும்பு நாற்காலியில்தான் உட்காருகிறார். பார்க்கிற நமக்கே நடுங்கும்.

இந்த இலையுதிர் காலத்தில் ஊர் முழுக்க ஒரே பேச்சு. வேறு ஊர் அணியில் ஒரு தடுப்பாட்டக்காரன் இருக்கிறான். பந்து வீசுகிறவனைப் படுக்கப்போடுவதில் சூரன். அவன் வேண்டுமென்றால், கல்லூரிப் பையன்களில் நல்ல ஆட்டக்காரனை முதலில் பொறுக்கும் வாய்ப்பை இரண்டு வருடத்துக்கு எங்கள் அணி விட்டுக்கொடுக்க வேண்டும்.

என் கடையில் டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து எர்வின் தீர்ப்புச் சொன்னார். "கூடவே கூடாது. நாளைக்கே அவன் முட்டி ஒடிஞ்சா? அடுத்த வருஷத்துக்கு முட்டி கிடையாதுடா. ஒடியவே ஒடியாது."

"அடுத்த வருஷம் எவனையும் தடுக்கவும் தடுக்காதுய்யா" என்றேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஒரு ஜாக்கியை வைத்துக்கொண்டு மூன்று டயர் கடை எழுப்பினேன். என் கடைக்குள் என்னை வாதாடி வென்றவர் இன்னும் பிறக்கவில்லை.

அணிகள் இப்படி முறைவைத்து ஆள் பொறுக்குவதை டிராஃப்ட் என்பார்கள். எங்களுக்குள்ளும் ஒன்று உண்டு. பருவம் முழுவதற்குமான டிக்கெட் இரண்டை நண்பர்கள் நால்வர் சேர்ந்து வைத்திருக்கிறோம். ஆகஸ்டில் மதுக்கடையில் கூடி, யாருக்கு எந்த ஆட்டம் என்று முறைவைத்து எடுப்போம். முதல் வாய்ப்பு எர்வினுக்கு வந்தால், அதை யாருக்காவது தந்துவிட்டு அவருடைய அடுத்த வருட வாய்ப்பை வாங்கி வைத்துக்கொள்வார். வரும் இரண்டு வருடமும் முதல் வாய்ப்பு அவருடையது. முதல் வாய்ப்புக்காரர் எடுத்துவிடுகிற, பரம எதிரியோடு மோதும் ஆட்டத்தை மட்டும் அவர் உள்ளே போய்ப் பார்த்ததே இல்லை.

ஆட்டத்துக்கு முன்னால் மைதானத்துக்கு எதிர்வீட்டுப் புல்தரையில் அடுப்பு மூட்டுவோம். கராஜ் சுவரோரம் ஏரிக்காற்று படாத இடம் ஒன்றுதான். முந்தியவருக்கு அது சொந்தம். போன மாதம் காவலுக்கு எர்வின் இருந்தார். சிறுநீர் கழிக்கப் போய்த் திரும்புவதற்குள் ஒரு பிக்கப் வண்டி அங்கே நின்றது. அன்று அடுப்பு அணைந்து, பாதி வெந்த சாசேஜைத் தின்றோம்.

எனக்குக் கோபம் வந்தது. பக்கத்துக் கூட்டத்துக்குக் காவல் இருக்கும் ரோசெல்லா பச்சினியிடம் போய், எங்களுக்குக் காவல் இருக்க வரச் சொன்னேன். பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில் கரண்டி பிடித்தவர். இன்றும் அந்தக் கரண்டியோடுதான் மடக்கு நாற்காலியில் உட்காருவார்.

"எர்வினோட முதல் வாய்ப்பு ரெண்டும் எனக்கு வேணும். வர்றேன்" என்றார்.

எர்வினுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஏம்மா, உன் முட்டி எப்படி இருக்கு?"

"இடது முட்டி போயே போச்சு. உக்கார்றதுக்கு முட்டி எதுக்குய்யா?"

"பாத்தியாடா கஸ்? இதத்தான் நான் சொன்னேன்."

"ஒரு ஞாயிறு சும்மா வந்து உக்கார்றேன். பாத்துட்டுச் சொல்லு" என்றார் ரோசெல்லா.

அந்த ஞாயிறு நொண்டிக்கொண்டே வந்து சுவரோரம் உட்கார்ந்தார். பகல் பதினொன்றுக்கு அதே பிக்கப், பின்பக்கமாக ஊர்ந்து வந்தது. ரோசெல்லா எழுந்திருக்கவில்லை. பின்கதவில் கரண்டியால் டொக் டொக்கென்று தட்டினார். "வரிசையில வா தம்பி. வரிசை அங்க முடியுது." தாடி வைத்த அந்த ஆள் கண்ணாடியை இறக்கி, "சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

எர்வின் சாசேஜ் சீறுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். ரோசெல்லா இடது முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

எர்வின் வேனுக்குப் போய் அந்த மெத்தையை எடுத்துவந்தார். தொங்கிய கடைச்சீட்டைப் பல்லால் கடித்துப் பிய்த்துத் துப்பினார். பிறகு குனிந்து, கவிழ்த்த வாளி ஒன்றின்மேல் மெத்தையை வைத்து, ரோசெல்லாவின் இடது காலைத் தூக்கி அதன்மேல் வைத்தார்.