தூரின் கலைக்கூடத்தில் சியாமளா

கல்யாணமாகி ஜெர்மனியின் வுப்பர்டாலுக்கு வந்தபோது சியாமளாவுக்கு இருபத்திரண்டு வயது. திருச்சியில் கணக்கு டீச்சராக இருந்தவள். கணவன் சேதுராமன் சாய ஆய்வகமொன்றில் வேதியியல் ஆராய்ச்சியாளன். ஜெர்மன் வகுப்பில் சேரட்டுமா என்று அவள் கேட்டதற்கு, "பிரெட் வாங்க எதுக்கு கிளாஸ்? கையை நீட்டினா குடுப்பான்" என்றான். அவள் வானொலி கேட்டே கற்றுக்கொண்டாள். அது அவனுக்குத் தெரியாது.

1969 வசந்தத்தில் ஆய்வகத்தார் இத்தாலிக்குப் பேருந்தில் சுற்றுலா போனார்கள். தூரின் நகரத்து நவீன கலைக்கூடத்துக்கு அரக்குப் பட்டுடுத்திப் போனாள் சியாமளா. உள்ளே இருந்தவை அவளுக்குப் பிடித்திருந்தன. கரி பூசிய பெரிய பலகை ஒன்றை விட்டு நகர மனமில்லை. சேதுராமன் அவளை அடுத்த கூடத்துக்கு இழுத்துப் போனான். அங்கே வெறும் தரையில் கற்களும் துருப்பிடித்த இரும்பும் குவிந்து கிடந்தன. அதுவும் ஒரு காட்சிப்பொருள்தான்.

"இதுக்குப் பக்கத்துல நில்லு. டாய்லெட் போயிட்டு வந்துடறேன். அசையாதே."

அவள் அசையவில்லை. கால் மணி நேரமாயிற்று. இத்தாலியர் ஐந்தாறு பேர் வந்தார்கள். ஒருவர் கற்குவியலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சுவரில் பெயர்ச்சீட்டைத் தேடினார். இன்னொருவர் படமெடுத்தார். மரியாதைக்காகச் சியாமளா புன்னகைத்தாள். அப்போது மேல்தளத்திலிருந்து வெடிச்சிரிப்பு கேட்டது. கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி ஆய்வகக் கூட்டமே நின்றிருந்தது. நடுவில் சேதுராமன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அவனுடைய சக ஊழியன் வெர்னரின் கையில் கேமரா.

"சும்மா ஒரு ஜோக். மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதே" என்றான் சேதுராமன், பேருந்தில்.

டிசம்பரில் ஆய்வக விருந்தில் அந்தப் படத்தைத் திரையில் காட்டினார்கள். 'இந்தியப் பொருள், 1969' என்றான் வெர்னர். அறுபது பேர் சிரித்தார்கள். சியாமளா எழுந்தாள். தூரினிலிருந்து திரும்பியது முதல் வாய்க்குள் உருட்டி வைத்திருந்த ஜெர்மன் வாக்கியத்தைச் சொன்னாள்:

"இஷ் பின் கைனே ஒப்யெக்ட்." நான் பொருள் இல்லை.

யாரோ கண்ணாடிக் குவளையைக் கீழே வைத்தார்கள்.

"கைனே இல்லை, கைன்" என்றான் சேதுராமன். "அந்தச் சொல்லுக்குப் பெண்பால் வராது."

இந்தமுறை சிரிப்பு ஓய நேரமாயிற்று.

வீடு திரும்பும்போது தொங்குரயிலில் அவனே மறுபடி ஆரம்பித்தான். "மூணு வருஷம் வாயே திறக்கலை. திறந்ததும் மிஸ்டேக்."

ஜனவரியில் அவனைக் கேட்காமலே நகராட்சியின் ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தாள். பனியில் நடந்து போனாள். காய்ச்சலோடும் போனாள். ஒன்றரை ஆண்டில், வகுப்பிலேயே முதல் மதிப்பெண்ணோடு தேறினாள். சான்றிதழைச் சாப்பாட்டு மேசையில் அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

அவன் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

"வெரி குட். இனிமே என் ரிப்போர்ட் எல்லாம் நீயே டைப் பண்ணிடலாம்."

மறுநாள் மாலையே தட்டச்சுப்பொறி வந்துவிட்டது. எட்டு ஆண்டுகள் அடித்தாள். ஒரு பக்கத்தில்கூடப் பிழையில்லை.