படிமுறைக்குப் புள்ளி

கொறற்றி டீச்சரின் போன் அடித்தால் எங்கள் ஆசிரியர் அறையில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவோம். மரியாதைக்காக இல்லை, ஒட்டுக் கேட்பதற்காக. "சொல்லு தினுஷா" என்பார். கையில் அகப்பட்ட தாளில் எதையோ கிறுக்குவார். "மூணு மில்லி. மூணுதான். எழுதிக்க. எங்க, திருப்பிச் சொல்லு பாப்போம்." கண்டி டவுனில் ஒரு பாமசிக்குள் நிற்கும் பிள்ளைக்கு, ஹந்தானை மலையில் உள்ள எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து கணக்குப் போட்டுக் கொடுப்பார்.

மரியகொறற்றி என்பது முழுப்பெயர். எங்கள் பள்ளிக்கு இருக்கிற ஒரே கணித ஆசிரியை. பயந்த சுபாவம். காலையில் பஸ் பாதி வழி வந்ததும், கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று கணவர் கிளறன்ஸுக்குப் போனில் கோல் எடுப்பார். அவர் போய்ப் பார்த்து, அணைத்திருக்கிறது என்று சொன்ன பிறகும் முகம் தெளியாது. நான் மோகனராஜ், புவியியல் படிப்பிக்கிறவன், அவருக்குப் பக்கத்து மேசை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். டீச்சரைச் சீண்டிப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம்.

தினுஷா எங்கள் மாணவிதான். தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுப் பிள்ளை. பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் தட்டுத்தடுமாறி சித்தியடைந்து, டவுனில் இப்திகார் ஹாஜியாரின் பாமசியில் வேலைக்குச் சேர்ந்தாள். டாக்டர் மருந்துத் துண்டில் இத்தனை மில்லிகிராம் என்று எழுதுவார். போத்தலில் இத்தனை மில்லிலீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்று போட்டிருக்கும். பிள்ளைக்கு எத்தனை மில்லி கொடுப்பது என்று தாய்க்குச் சொல்லி, லேபலிலும் எழுத வேண்டும். ஹாஜியார் படித்த மருந்தாளர், அவர் கடையில் இருந்தால் பிரச்சினை இல்லை. பேங்குக்கோ பள்ளிவாசலுக்கோ போய்விட்டால் தினுஷா தனி. அவரிடம் சந்தேகம் கேட்டால் கத்துவார் என்று அவளுக்குப் பயம். அதனால் டீச்சருக்குக் கோல் எடுத்துப் பழகிவிட்டாள்.

"சம்பளம் அவளுக்கு, வேலை உங்களுக்கா டீச்சர்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் சொல்லலைன்னா அவ வாய்க்கு வந்ததச் சொல்லிருவா சேர். குடிக்கிறது பச்சப்புள்ள" என்றார். சிரிக்கவில்லை.

அந்தப் போன் அவரை ஆட்டிப் படைத்தது. பூசையில் சாமியார் பிரசங்கம் வைக்கும்போதும் அது கைக்குள் இருக்கும். குளிக்கும்போது ஜன்னல் விளிம்பில் இருக்கும். தினுஷா பகல் முழுக்கக் கூப்பிடாவிட்டால் அதற்கும் ஒரு பயம். கேட்காமல் கொடுத்திருப்பாளோ என்று இவரே கூப்பிட்டுப் பார்ப்பார்.

போன வருடம் எங்கள் பரிசளிப்பு விழாவுக்கு இப்திகார் ஹாஜியார் வந்திருந்தார். பள்ளிக்கு ஓர் அலுமாரி வாங்கித் தந்தவர், மைக்கைக் கொடுக்காமல் இருக்க முடியுமா? "ஸ்கூல்ல என்னத்தத்தான் படிச்சுக் குடுக்குற? பாதி எது, கால் எதுண்டு வெளங்காத புள்ளைகள வேலைக்கு அனுப்புறீங்களே" என்றார். மேடையில் இருந்தவர்கள் எல்லாம் கணித ஆசிரியையைத் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் தன் சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த நாள் ஆசிரியர் அறையில் பொரிந்து தள்ளினேன். இன்னொரு மருந்தாளரை வைத்தால் கூடச் சம்பளம் கொடுக்க வேண்டும், அதற்கு மனமில்லாமல் சின்னப் பிள்ளையை நிறுத்திவிட்டுப் பழியைப் பள்ளிக்கூடத்தின் தலையில் போடுகிறார் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். டீச்சர் மட்டும், "அவரு சொல்றதுலயும் நியாயம் இருக்கு சேர்" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். வலயக் கல்வி அலுவலகத்துக்கு வேண்டியது சித்தி வீதம். கணிதம் சித்தியில்லாவிட்டால் பிள்ளை உயர்தரம் போக முடியாது. பெருக்கல் வாய்ப்பாடே ஓடாத பிள்ளைகளைப் பதினோராம் வகுப்பில் டீச்சரின் கையில் கொடுத்துவிட்டு, எப்படியாவது கரையேற்று என்போம். அவரும் ஒரு வழி கண்டுபிடித்தார். "விடை வராட்டிப் பரவால்ல. படிமுறைய விடாம எழுதுங்க. படிமுறைக்குப் புள்ளி இருக்கு." பிரதியிடுவதற்குப் புள்ளி, பெருக்குவதற்குப் புள்ளி, வகுப்பதற்குப் புள்ளி. கடைசி விடை பிழைத்தால் போவது ஒரு புள்ளிதான். அரைப் புள்ளி அரைப் புள்ளியாகப் பொறுக்கிப் பிள்ளைகள் சித்தியடைந்தார்கள். அதிபர் கேக் வெட்டினார். நானும் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

இந்தத் தவணைப் பரீட்சைக்கு அதிபர் ஒரு புதுச் சட்டம் போட்டார். மேற்பார்வைக்குப் போகிறவர்கள் போனை அலுவலகத்தில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். வெள்ளிக்கிழமை கொறற்றி டீச்சரின் முறை. போனைக் கொடுக்கும்போதே, "அடிச்சா ஆள் அனுப்புங்க" என்று அலுவலகக் கிளாக்கிடம் கெஞ்சினார். கிளாக் தலையாட்டிவிட்டு, சத்தத்தை நிறுத்தி மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டார்.

பரீட்சை முடிந்து விடைத்தாள்களைக்கூட அடுக்காமல் டீச்சர் அலுவலகத்துக்கு ஓடினார். நான் வராந்தாவில் நின்றேன். போனைப் பார்த்தபடியே வெளியே வந்தவர், அதை என்னிடம் நீட்டினார். தினுஷா பலமுறை கூப்பிட்டிருக்கிறாள். பிறகு ஒரு படம் அனுப்பியிருக்கிறாள், அதன் கீழே, 'டீச்சர் எடுக்கல. ஹாஜியார் ஜும்மாவுக்குப் போய்ட்டார். நானே செஞ்சி குடுத்திட்டேன். ஸ்டெப் சரியா பாருங்க.'

படத்தில் ஒரு பில்லின் பின்பக்கம். மூன்று மாதக் குழந்தைக்குக் காய்ச்சல் சிரப், அறுபது மில்லிகிராம். போத்தலில் ஐந்து மில்லிக்கு நூற்றிருபது. அதன் கீழே வரி வரியாகக் கணக்கு, சமன் குறிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக, விடைக்கு அடியில் இரண்டு கோடு. விடை பத்து மில்லி.

எனக்குக் கணக்கு வராது. ஆனாலும் நூற்றிருபதில் பாதி அறுபது, ஐந்தில் பாதி இரண்டரை என்று எனக்கே தெரிந்தது. அவள் அறுபதையும் நூற்றிருபதையும் இடம் மாற்றிப் போட்டிருந்தாள். அதற்குப் பிறகு பெருக்கியது சரி, வகுத்தது சரி. குழந்தைக்கு நான்கு மடங்கு மருந்து.

டீச்சர் கோல் எடுத்தார். "தினுஷா, அவங்க எங்க?"

"ஹுன்னஸ்கிரிய பஸ் போயிரும்னு குட்ஷெட் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாங்க டீச்சர். ஏன்?"

"அஞ்சுல பாதி! ரெண்டரைதான் குடுக்கணும்! ஓடிப் போய் அந்த மருந்தப் புடுங்கு!"

"கடையில யாருமில்லயே டீச்சர்..."

"கடைய மூடிட்டு ஓடு!"

நான் ரோட்டில் வந்த ஒரு த்ரீவீல் ஆட்டோவை நிறுத்தினேன். ஹந்தானை வளைவுகளில் டீச்சர் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் கழுத்துச் செபமாலையையும் பிடித்துக்கொண்டு வந்தார். தினுஷா கோலை எடுக்கவில்லை. நாலு மடங்கு குடித்தால் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று என்னைக் கேட்டார். ஈரலைப் பாதிக்கும் என்று எங்கோ வாசித்திருந்தேன். தெரியாது என்றேன்.

"பிழை விட்டது அவ, நீங்க இல்ல டீச்சர்" என்றேன்.

"படிமுறையப் பாத்தீங்களா சேர்? ஒண்ணுகூட விடல. நான் சொல்லிக் குடுத்த மாதிரியே இருக்கு. பாதின்னு மட்டும் அவளுக்குத் தோணல."

டிரைவரிடம் கொஞ்சம் விரைவாகப் போகச் சொன்னேன்.

குட்ஷெட்டில் பஸ் இன்னும் நின்றுகொண்டிருந்தது. பின் இருக்கையில் ஓர் இளம்தாய் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள். தினுஷா போத்தலை இரு கைகளாலும் பிடித்தபடி மூச்சிரைக்க நின்றாள், கண்ணீர் ஓடியது.

"புள்ள அனத்துதேன்னு இங்கயே ஒரு வேளை குடுப்போம்னு மூடியத் தொறந்தேன். இவ ஓடி வந்து புடுங்கிட்டா!" என்றாள் தாய்.

"குடிக்கலயா? ஒரு சொட்டும் குடிக்கலயா?" என்று டீச்சர் கேட்டார்.

"இல்ல."

டீச்சர் பக்கத்து இருக்கையில் பொத்தென்று உட்கார்ந்தார். "ஒரு ஸ்டெப்பும் விடலயே டீச்சர்" என்று தினுஷா தேம்பினாள். டீச்சர் அவள் தலையைத் தடவினார், திட்டவில்லை. போத்தலை வாங்கி, லேபலில் இருந்த பத்தை வெட்டி, 2.5 என்று பெரிதாக எழுதித் தாயிடம் கொடுத்தார்.

தாய் எழுத்தைப் பார்த்தாள். "நீங்க டாக்டருங்களா?"

"இல்லம்மா."

"அப்ப பாமசியா?"

டீச்சர் தினுஷாவைப் பார்த்தார். எதையாவது சொல்லிச் சமாளியுங்கள் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன்.

"இந்தப் புள்ளைக்குக் கணக்குப் படிச்சுக் குடுத்த டீச்சர்."

தாய் தினுஷாவைப் பார்த்தாள், பிறகு டீச்சரைப் பார்த்தாள். போத்தலைப் பைக்குள் போட்டு, குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்தாள். "அப்ப நான் ஆஸ்பத்திரிக்கே போய்க் கேட்டுக்குறேன்" என்றாள். கொண்டக்டர் பஸ் கிளம்பப் போகிறது என்று கத்தியும் அவள் இறங்கிவிட்டாள்.

"அதுதான் நல்லதும்மா, கேளுங்க" என்றார் டீச்சர், அவளுக்குக் கேட்டதோ இல்லையோ.

திரும்பி வரும்போது டீச்சர் போனில் அந்தப் பில்லின் படத்தை மறுபடி திறந்து பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்தார்.

"ரெண்டரைதானே சேர்?"

"ரெண்டரைதான் டீச்சர்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சேர்" என்றார்.